காற்றை அளந்தோர்: நகர வளியின் அளவை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனித சமுதாயத்தின் வரலாற்றை அளவைகளின் வரலாறாகவும் நோக்கலாம். நிலத்தை அளந்தவன் வரி விதித்தான். நெல்லை அளந்தவன் பங்கு பிரித்தான். நேரத்தை அளந்தவன் தொழிலாளியின் வேலைநாளை நிர்ணயித்தான். எனவே ஒரு பொருள் அளக்கப்படும்போது, அதனை அளப்பவர் யார், அளந்து பெற்ற எண் யார் கையில் இருக்கிறது, அதனை வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. யாவருக்கும் பொதுவானதெனக் கருதப்பட்டு வந்த காற்றும் இதற்கு விலக்கன்று. அரசாங்க அவதான நிலையங்களுக்குள்ளே நெடுங்காலம் அடங்கியிருந்த வளி அளவீடு, இலத்திரனியல் உணரிகளின் வருகையால் எவ்வாறு சாதாரண குடிமகனின் வீட்டு மாடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையும், அதனால் விளைந்த நன்மைகளையும் சிக்கல்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூக்கும் கருவியும்

வானிலையை அளக்கும் கருவிகள் காலத்தால் முந்தியவை. 1643 ஆம் ஆண்டில் ரொறிசெல்லி பாரமானியை அமைத்தார். 1714 ஆம் ஆண்டளவில் பரனைற்று இரச வெப்பமானியைச் செம்மைப்படுத்தினார். ஈரப்பதன் கூடும்போது மனிதனின் தலைமயிர் நீள்கிறது என்னும் உண்மையைக் கொண்டு சொசூர் 1783 இல் ஈரமானியை விளக்கினார். இவ்வாறு பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன்னரே காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் எண்களாகிவிட்டன. ஆனால் காற்றின் அழுக்கு எண்ணாகவில்லை. இலண்டன் நகரத்து நிலக்கரிப் புகையைக் கண்டித்து 1661 ஆம் ஆண்டிலே ஜோன் ஈவ்லின் ஒரு நூலை எழுதி மன்னன் இரண்டாம் சாள்சுக்கு அர்ப்பணித்தார். அவருக்கு ஆதாரமாக இருந்தவை கண்ணும் மூக்கும் இருமலுமே. எண் இல்லாத முறைப்பாட்டை அரசு எளிதில் ஒதுக்கிவிட முடியும் என்பதற்கு அந்நூலின் கதி ஒரு சான்று.

கைத்தொழிற் புரட்சியின் பின்னரே இரசாயனவியலாளர் இத்துறையிற் புகுந்தனர். மன்செஸ்ரர் நகரின் மழைநீர் அமிலத் தன்மை உடையது என்பதை 1852 இல் றொபேட் அங்கஸ் சிமித் எடுத்துக்காட்டினார். காரத் தொழிற்சாலைகள் வெளியிட்ட ஐதரோகுளோரிக்கமில ஆவியைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியா 1863 இல் ஒரு சட்டம் இயற்றியபோது, அதனை நடைமுறைப்படுத்தும் முதலாவது பரிசோதகராக நியமிக்கப்பட்டவரும் அவரே. அச்சட்டம் ஆவியின் 95 சதவீதத்தைத் தொழிற்சாலையிலேயே தடுத்து நிறுத்த வேண்டும் என விதித்தது. காற்றைப் பற்றிய சட்டத்தில் ஓர் எண் இடம்பெறுமாயின், அதனைச் சரிபார்க்க ஒரு கருவியும் ஓர் உத்தியோகத்தரும் வேண்டப்படுவர். அளவீடு அரசின் பணியாக மாறியமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இலண்டன், 1952

அளவீடு இருந்தும் அது உரிய வேளையில் மக்களைச் சென்றடையாவிடின் என்ன நேரும் என்பதற்கு 1952 டிசெம்பர் மாதத்து இலண்டன் புகைப்பனியே பெரும் உதாரணம். டிசெம்பர் 5 ஆம் திகதி தொடக்கம் 9 ஆம் திகதி வரை நகரம் மஞ்சள் நிறப் புகையில் மூழ்கியது. இதன் அடிப்படைக் காரணம் வானிலை சார்ந்தது. வழக்கமாக நிலத்தை அண்டிய வெப்பக் காற்று மேலெழுந்து புகையைக் கொண்டு செல்லும். அந்நாட்களிலோ குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக் காற்று மேலேயுமாக வெப்பநிலை நேர்மாறல் ஏற்பட்டது. சட்டிக்கு மூடி இட்டாற்போல நகரத்தின் புகை நகரத்திலேயே தங்கியது. குளிர் மிகுந்ததால் மக்கள் மேலும் நிலக்கரி எரித்தனர். எரிக்க எரிக்க மூடியின்கீழ்ப் புகை பெருகியது.

அக்காலத்தில் இலண்டனில் அளவீட்டு நிலையங்கள் இல்லாமல் இல்லை. காற்றை ஒரு வெள்ளைத் தாளினூடாக இழுத்து, தாள் எவ்வளவு கறுத்தது என நோக்கிப் புகையை மதிப்பிட்டனர். அதே காற்றை ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலிற் குமிழியிடச் செய்து கந்தகவீரொட்சைட்டைக் கணித்தனர். ஒரு நாள் முழுவதும் காற்றை இழுத்து, பின்னர் ஆய்வுகூடத்திற் கணித்துப் பெறும் எண் அது. பனி கலைந்த பின்னரே புகையின் வரைகோடும் மரணத்தின் வரைகோடும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கப்பட்டன. 1954 இல் வில்கின்ஸ் என்பவர் வெளியிட்ட வரைபடத்தில் இரு கோடுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியமை தெளிவாயிற்று. அன்று கணக்கிடப்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 4,000. அடுத்துவந்த மாதங்களில் நிகழ்ந்த மிகை மரணங்களை அரசாங்கத் தரப்பு இன்புளுவென்சாக் காய்ச்சலின்மீது சுமத்தியது. 2001 இல் வெளியான மறு ஆய்வொன்று அம்மரணங்களையும் சேர்த்து மொத்தம் 12,000 அளவில் இருக்கலாம் என முடிவு கண்டது.

இவ்வனர்த்தத்தின் விளைவாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1961 இல் பிரித்தானியா முழுவதற்கும் ஒருங்கிணைந்த அளவீட்டு வலையமைப்பு நிறுவப்பட்டது. எனினும் அங்கு சேகரிக்கப்பட்ட எண்கள் அறிக்கைகளாகி நூலகங்களைச் சென்றடைந்தன. இன்று மாலை குழந்தையை வெளியே அழைத்துச் செல்லலாமா என அறிய விரும்பும் தாய்க்கு அவ்வெண்களாற் பயன் இருக்கவில்லை.

கண்ணுக்குப் புலப்படாத துகள்

நிலக்கரிப் புகை குறைந்ததும் அபாயம் நீங்கியது எனப் பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்தைத் தகர்த்தது அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆறு நகரங்களில் நடத்திய நீண்டகால ஆய்வாகும். 8,111 வளர்ந்தோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அவ்வாய்வு 1993 இல் வெளியாயிற்று. புகைத்தல் முதலிய காரணங்களைக் கழித்துப் பார்த்தபின்னரும், மிக அழுக்கான நகரின் மரண வீதம் மிகத் தூய நகரினதைவிட 26 சதவீதம் உயர்ந்திருந்தது. இதற்கு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டவை 2.5 மைக்கிரோன் விட்டத்துக்கு உட்பட்ட நுண்துகள்கள். மனிதத் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு எனத்தக்க இத்துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து சுவாசப்பையின் ஆழத்தை அடைய வல்லவை. 1997 இல் ஐக்கிய அமெரிக்கா இத்துகள்களுக்குத் தனியான நியமம் வகுத்தது.

கண்ணுக்குப் புலனாகாத பொருளை மணிக்கு மணி எவ்வாறு அளப்பது? அதற்கென அமைந்த கருவிகளுள் ஒன்று, நாடா வடிவான வடிதாளினூடாகக் காற்றை இழுத்து, அதில் படியும் துகளின்மீது பீற்றாக் கதிர்களைச் செலுத்துவது. துகள் மிகுந்தால் மறுபுறம் வந்து சேரும் கதிர் குறையும். நம்பகமான முறையே எனினும் இத்தகைய கருவி விலை மிகுந்தது. பயிற்சி பெற்ற பராமரிப்பாளரை வேண்டுவது. எனவே அது அரச நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தது. அத்தகைய ஒரு தனிக் கருவி பெய்ஜிங் நகரில் உண்டாக்கிய சலனம் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டியதொன்றாகும்.

பெய்ஜிங்: ஓர் எண்ணின் அரசியல்

2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் தன் வளாகத்தில் ஒரு நுண்துகள் அளவைக் கருவியை நிறுவி, அதன் எண்ணை மணிதோறும் ருவிற்றர் வாயிலாக வெளியிடத் தொடங்கியது. தூதரக ஊழியரின் நலனே நோக்கம் எனக் கூறப்பட்டது. அக்காலத்தில் சீன அரசு வெளியிட்ட வளிச் சுட்டெண் 10 மைக்கிரோனுக்கு உட்பட்ட துகள்களைக் கணக்கிற் கொண்டது. நுண்துகளைத் தனியே காட்டவில்லை. நகர நிருவாகம் நீலவான நாட்கள் எனச் சிலவற்றை எண்ணி, 1998 இல் 100 ஆக இருந்த அவை 2008 இல் 274 ஆக உயர்ந்தன எனப் பெருமைகொண்டது. போக்குவரத்து மிகுந்த இடங்களிலிருந்த நிலையங்கள் 2006 இல் கணக்கிலிருந்து நீங்கியமை இம்முன்னேற்றத்துக்கு ஒரு காரணம் எனச் சுட்டியோரும் உளர். நிலையம் எங்கே இருக்கிறது என்பதும் அளவீட்டின் ஒரு பகுதியே.

2010 நவம்பரில் ஒருநாள் தூதரகக் கருவியின் சுட்டெண் 500 என்னும் எல்லையைக் கடந்தது. அவ்வெல்லைக்கு அப்பால் ஒருபோதும் செல்லாது எனக் கருதி எவரோ வேடிக்கையாகக் கணினியில் எழுதிவைத்திருந்த, பைத்தியக்காரத்தனமான மோசம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் உலகுக்கு வெளியாயிற்று. தூதரகம் அதனைப் பின்னர் நீக்கியது. சீனாவில் ருவிற்றர் 2009 இலிருந்தே தடைசெய்யப்பட்டிருந்தபோதும் எண்கள் வேறு வழிகளால் உள்ளே பரவின. 2011 இல் பெரும் கட்டட வணிகராகிய பான் ஷியீ தம்மைப் பின்தொடரும் இலட்சக்கணக்கானோருக்கு அவற்றை எடுத்துக்காட்டி, நுண்துகளுக்கு நியமம் வேண்டுமா எனக் கருத்துக் கேட்டார். 2012 பெப்ரவரி இறுதியில் சீன அரசாங்கம் நுண்துகளைத் தன் தேசிய நியமத்திற் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், வெளிநாட்டுத் தூதரகங்கள் சீன நகரங்களின் வளித் தரவுகளை வெளியிடுதல் முறையன்று எனச் சீன உயர் அதிகாரி ஒருவர் கண்டித்தமையும் நினைவுகூரத்தக்கது. ஒரே எண் ஒருபுறம் ஏற்கப்பட்டும் மறுபுறம் எதிர்க்கப்பட்டும் வந்தது.

2013 ஜனவரி 12 இல் தூதரகக் கருவி கன மீற்றருக்கு 886 மைக்கிரோகிராம் எனக் காட்டியது. ஒரு நாளைய சராசரி 25 ஐ மிஞ்சலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனம் அன்று வழங்கிய அறிவுரை. அவ்வாண்டு செப்டெம்பரில் சீனா தேசிய செயற்றிட்டமொன்றை அறிவித்தது. பெய்ஜிங் நகரின் ஆண்டுச் சராசரி 2013 இல் 89.5 ஆக இருந்து 2017 இல் 58 ஆகவும், 2021 இல் 33 ஆகவும் குறைந்தது. இக்குறைவைத் தூதரகக் கருவியின் சாதனையாகக் கொள்ளுதல் மிகைப்படுத்தலாகும். நிலக்கரி அடுப்புகளை மாற்றியமை, ஆலைகளை இடம்பெயர்த்தமை, வாகன நியமங்களை இறுக்கியமை ஆகியனவே நேர்க் காரணங்கள். எனினும் அம்மாற்றங்களுக்கான சமூக நிர்ப்பந்தத்தை உருவாக்கியவற்றுள் பகிரங்கமான எண்ணும் ஒன்று என்பதை மறுத்தல் அரிது. அமெரிக்கத் தூதரகங்கள் எண் வெளியிட்ட பல்வேறு நாட்டு நகரங்களில் நுண்துகள் அளவு 2 முதல் 4 மைக்கிரோகிராம் வரை குறைந்ததாக 2022 இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

இலத்திரனியலின் வருகை

இவ்விடத்தில் உணரிகளின் வளர்ச்சியைச் சிறிது நோக்குதல் வேண்டும். வானிலையைத் தொலைவிலிருந்து மின்குறிகளால் அறியும் முயற்சி 1930 இலேயே பயன் தந்தது. அவ்வாண்டு ஜனவரி 30 இல் சோவியத் விஞ்ஞானி மொல்ச்சானொவ் பலூனில் ஏற்றி அனுப்பிய வானொலிக் கருவி மேல்வளியின் நிலையைத் தரைக்கு அறிவித்தது. 1973 இல் பின்லாந்தின் வைசாலா நிறுவனம், நீராவியை உறிஞ்சும்போது மின்கொள்ளளவம் மாறுபடும் மெல்லிய பல்பகுதியப் படலத்தாலான ஈரப்பதன் உணரியை அறிமுகம் செய்தது. சொசூரின் தலைமயிர் செய்த வேலையை அசையும் உறுப்பு எதுவுமின்றி ஒரு சிறு தகடு செய்யலாயிற்று.

துகளை அளக்கும் மலிவான உணரியின் தத்துவமும் பழையதே. இருண்ட அறையில் ஓர் ஒளிக்கற்றை நுழையுமிடத்துத் தூசு மின்னுவதை யாவரும் கண்டுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ரின்டல் விரிவாக ஆராய்ந்த இவ்வொளிச் சிதறலையே இன்றைய உணரி பயன்படுத்துகிறது. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்க, லேசர்க் கற்றை துகளில் பட்டுச் சிதற, ஒளியுணரி அதனை மின்துடிப்பாக மாற்றுகிறது. பெய்ஜிங்கின் மோசமான குளிர்காலங்களுக்குப் பின் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்களுக்குச் சீனச் சந்தையிற் கேள்வி பெருகியது. அவற்றுள் பொருத்தத்தக்க உணரிகளைச் சீனக் கம்பனிகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்தன. ஒரு நாட்டின் அழுக்குக் காற்றே பிறநாட்டார் தம் காற்றை அளக்கும் கருவியையும் மலிவாக்கியது எனலாம்.

ஸ்ருட்கார்ட்: மாடத்திலிருந்து அளத்தல்

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் அமைந்தது. காற்று வீச்சுக் குறைந்த நாட்களில் வாகனப் புகை அங்கு தேங்கும். நகரின் நெக்கார்டோர்ச் சந்தி நாட்டிலேயே மிக மாசுற்ற இடங்களுள் ஒன்று எனப் பல ஆண்டுகள் பெயர்பெற்றிருந்தது. 2015 இல் அங்குள்ள தொண்டர் குழுவொன்று, ஏறத்தாழ 30 யூரோ செலவில் எவரும் தம் கையால் அமைக்கத்தக்க அளவைக் கருவியொன்றை வகுத்தது. சீனாவின் ஜினான் நகரில் ஆக்கப்பட்ட துகள் உணரி, வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சிறிய உணரி, கம்பியில்லாத் தொடர்புடைய நுண்கணினிப் பலகை ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். மழை படாமற் காக்கும் உறை, வடிகாலுக்குப் பயன்படும் இரண்டு பிளாஸ்ரிக் குழாய் வளைவுகளே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தன் எண்ணைப் பொதுவான வரைபடத்துக்கு அனுப்பியது. சில ஆண்டுகளில் இவ்வமைப்பு பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான கருவிகளைக் கொண்டதாக விரிந்தது.

அரச நிலையம் ஒன்று நகருக்கு ஓர் எண்ணைத் தரும்; தெருவுக்குத் தெரு உள்ள வேறுபாட்டைத் தராது. மாடத்துக் கருவிகள் அவ்விடைவெளியை நிரப்பின. ஆனால் அவற்றின் குறையும் விரைவில் வெளிப்பட்டது. பனிமூட்டமான காலைகளில் எண்கள் திடீரென உயர்ந்தன. துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்தலும், பனித்துளிகளே துகளென எண்ணப்படுதலும் இதற்குக் காரணங்கள். மாநிலச் சூழல் நிறுவனம் 2017 இல் தன் கருவிகளுக்கு அருகே இவ்வுணரிகளை வைத்துச் சோதித்து இதனை உறுதிப்படுத்தியது. அதைவிட முக்கியமான இன்னொரு வரையறையும் உண்டு. 2018 பெப்ரவரி 27 இல் ஜேர்மனியின் உச்ச நிருவாக நீதிமன்றம் வாகனத் தடைகள் சட்டத்துக்கு ஏற்றவை எனத் தீர்ப்பளித்து, 2019 ஜனவரி தொடக்கம் ஸ்ருட்கார்ட் நகரினுள் பழைய டீசல் வாகனங்கள் தடுக்கப்பட்டபோது, வழக்குக்கு அடிப்படையாயிருந்தது நைதரசன் ஈரொட்சைட்டு வாயுவாகும். குடிமக்களின் துகள் உணரி அவ்வாயுவை அறியாது. நீதிமன்றத்தில் நின்று பேசியது நியமக் கருவியின் எண்ணே. மாடத்துக் கருவி கேள்வியை எழுப்பும். சட்டத்தின் முன் விடைகூற இன்னமும் செம்மையான கருவி வேண்டும்.

இரண்டையும் இணைக்க வழியுண்டு என்பதை 2020 இல் கலிபோர்ணியாக் காட்டுத்தீ காட்டியது. ஐக்கிய அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் குடிமக்களின் உணரி எண்களைத் திருத்தித் தன் புகை வரைபடத்திற் சேர்த்தது. திருத்தச் சமன்பாட்டில் துகளின் எண்ணோடு சாரீரப்பதனும் ஓர் உறுப்பாக இடம்பெற்றது. வானிலை தெரியாமல் வளியின் தூய்மையை அறிய இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 9 இல் சான் பிரான்சிஸ்கோ வானம் நண்பகலிலும் செம்மஞ்சளாக இருண்டது. ஆனால் புகை உயரே தங்கியமையால் தரைக்காற்று அத்துணை மோசமாக இருக்கவில்லை. வானம் சற்றுத் தெளிந்த அடுத்த நாட்களிலேயே தரையில் நிலைமை கேடடைந்தது. கண் பொய்த்த இடத்தில் கருவி உண்மை கூறியது. அதேவேளை இவ்வுணரிகள் வசதி படைத்தோர் வாழும் பகுதிகளிலேயே செறிந்திருந்தமை ஆய்வுகளால் வெளிப்பட்டது. ஆலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே வாழும் ஏழைகளின் காற்று இன்னும் பெரும்பாலும் அளக்கப்படாத காற்றே.

இலங்கைக்கு ஒரு குறிப்பு

2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது, வடஇந்திய நிலப்பரப்பின் மாசுற்ற காற்று இலங்கையை வந்தடைந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வளித்தரக் கணிப்புகள் யாழ்ப்பாணம், கொழும்பு உட்படப் பல நகரங்களில் உயர்ந்தன. டிசெம்பர் 9 ஆம் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பெருந்தொகையான கால்நடைகள் இறந்தன. 1952 இல் இலண்டன் கால்நடைக் கண்காட்சிக்குக் கொணரப்பட்ட மாடுகள் புகையால் மாண்ட வரலாற்றை அறிந்தவர், இங்கும் காற்றே காரணம் என ஐயுறக்கூடும். ஆனால் இங்கு பெருங்காரணமாயிருந்தது மழையோடு வந்த கடுங்குளிர். வெப்பமானியின் எண்ணும் துகள் உணரியின் எண்ணும் அருகருகே இருந்தாலன்றி இவ்விரு காரணங்களையும் பிரித்தறிதல் இயலாது. மூச்சுத்திணறும் பிள்ளையின் பெற்றோருக்கும் மாடுகளை இழந்த விவசாயிக்கும் இவ்வேறுபாடு ஏட்டுப் பிரச்சினையன்று.

இரவல் எண்ணின் நிலையாமையையும் அண்மைய வரலாறு காட்டியுள்ளது. 2025 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் நிதிக் காரணங் காட்டித் தன் தூதரகங்களின் வளித் தரவுகளை வெளியிடுவதை நிறுத்தியது. பெய்ஜிங்கில் 2008 இல் தொடங்கிப் பல நாடுகளுக்கும் விரிந்து, கொழும்பையும் உள்ளடக்கியிருந்த அவ்வமைப்பு ஒரு நிருவாக முடிவினால் மௌனமாயிற்று. சீனா தன் சொந்த வலையமைப்பை இதற்குள் கட்டியெழுப்பியிருந்தது. அவ்வாறு கட்டியெழுப்பாத நாடுகள் பலவற்றில் மக்கள் வாசித்துவந்த எண் ஒரே நாளில் மறைந்தது.

முடிவுரை

காற்றை அளந்த வரலாறு மூன்று கட்டங்களை உடையது எனத் தொகுத்துக் கூறலாம். முதலாவது கட்டத்தில் மக்கள் துன்பத்தை உணர்ந்தனர், எண் இருக்கவில்லை. இரண்டாவதில் எண் இருந்தது. அது அரசிடமும் நிபுணரிடமும் இருந்தது. மூன்றாவதில் எண் மக்கள் கையில் வந்துள்ளது. அதன் செம்மை இன்னும் நிறைவுறவில்லை. மலிவான உணரியை நிபுணர் இகழ்வதும், நியமக் கருவியை மக்கள் ஐயுறுவதும் ஒருசேரத் தவறாகும். ஒன்று நெருக்கத்தைத் தருகிறது. மற்றையது நம்பகத்தைத் தருகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணிக்கு நிலையான இடமும் பயின்ற கையும் வேண்டும். அவ்விரண்டும் உள்ள இடங்கள் பல்கலைக்கழகங்களே. பௌதிகவியல் மாணவன் உணரியைத் திருத்தவும், புவியியல் மாணவன் அதனை நிறுத்தும் இடத்தைத் தெரியவும், மருத்துவ மாணவன் அதன் எண்ணை நோயாளர் பதிவேட்டோடு ஒப்பிடவும் கூடும். 1952 இல் இலண்டன் மக்கள் தம் மரணத்தின் காரணத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வரைபடத்திற் கண்டனர். அத்தகைய தாமதத்துக்கு இன்று கருவியின்மையைக் காரணமாகக் காட்ட முடியாது என்பது மனங்கொள்ளத்தக்கது.